அப்பீ, அந்த பட்டன்ல இருந்து கையை எடு

வா மக்கா, வா. ஒன் மொகத்தப் பாத்தா ஒண்ணு வீட்டில யாரோ செத்திருக்கணும், இல்லேன்னா போன் செத்திருக்கணும். ஒங்க அம்மைய இப்பத்தான் கோயில் நடையில பாத்தேன், நல்லா இருக்கா. அப்பம் போன்தான்.

பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேத்து அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ரோட்டைக் கடந்து வாறே. ஸ்ரீவராகத்துக் குளத்துப் படிக்கட்டுல இதே கோலத்துல ஒக்காந்திருந்த பயக்கள நான் நெறையப் பாத்தாச்சு. ரெண்டு பட்டன், கொஞ்சம் பொறுமை, கறுப்புத் திரை, அதுல இங்கிலீஷ்ல நாலஞ்சு வரி. அந்த வரியில ஒண்ணு 'வைப் டேட்டா'. உள்ளதையெல்லாம் தொடச்சு எடுக்கட்டுமான்னு ஒருத்தன் கேக்கான். அதைக் கண்டதும் ஒங்களுக்கு எல்லாம் ஏன் மொகம் மலருதுன்னு எனக்கு இதுவரை பிடிகிட்டல்ல.

கையை எடு. ஒக்காரு. ஆச்சி கட்டன் கொண்டு வருவா.

எனக்கு ஒண்ணும் தெரியாது, கேட்டியா. நான் சாலைக் கம்போளத்துல பலசரக்குக் கடையில கணக்கு எழுதினவன். 1956-ல மாநிலம் பிரிச்சுக் கோடு போட்டப்பம் எங்க தோவாளை தமிழ்நாட்டுக்குப் போச்சு, எங்க அப்பனுக்க சோலி திருவனந்தபுரத்துலயே தங்கிப் போச்சு. மலையாளத்துக்காரனுக்கு நான் பாண்டி, நாரோயிலுக்குப் போனா நான் மலையாளத்தான். ஆனாலும் கிழக்கேக்கோட்டையில பஸ்ஸுக்கு நிக்கும்போ மொபைல் கடை வாசல்ல காதைத் தொறந்து வச்சிட்டு நிப்பேன். டெக்னோபார்க்குல இருந்து பேத்தி வந்தா அவ சொல்லுகதையும் கேப்பேன். நீ பீடெக். நீ சொன்னா செரியாத்தான் இருக்கும். இந்தக் கெழவன் கேக்கப்பட்டதுக்கு வாயத் தொறந்து பதில் சொல்லிட்டு பொறவு எந்த பட்டனை வேணும்னாலும் அமுக்கு.

போனுக்கு என்ன சூக்கேடு?

திரையில பச்சைக் கோடு விழுந்திருக்கா? அப்பிடின்னா சாஃப்ட்வேரைத் தொடாத. அப்டேட் வந்த பொறவு கோடு விழுந்துச்சுன்னு இந்தியா பூரா சனம் அழுதுச்சு. 2024-ல சாம்சங்காரன் கேலக்ஸி எஸ்20, எஸ்21 வரிசையில சில போனுக்கு ஒரு தடவ இலவசமா திரையை மாத்திக் குடுத்தான். திரையை மாத்தினான், கேட்டியா, ஓஎஸ்ஸை இல்ல. நீ ராத்திரி பூரா முழிச்சு ஃபிளாஷ் பண்ணி ஓஎஸ்ஸைப் புதுசா எழுதினாலும் புத்தம்புது ஆண்ட்ராய்டுக்கு மேல அதே பச்சைக் கோடுதான் நிக்கும். சார்ஜ் நிக்கல்லைன்னா அது பேட்டரி. எடம் நிறைஞ்சு போன் எழைஞ்சுதுன்னா ஒங்க மாமன் தெனமும் அனுப்பப்பட்ட காலை வணக்கத்துப் பூவையெல்லாம் அழி. புதுசா ஒரு ஆப் ஏத்தின பொறவு பைத்தியம் பிடிச்சிருக்குன்னா சேஃப் மோடுல எழுப்பிப் பாரு. அதுல ஒழுங்கா ஓடுச்சுன்னா சூக்கேடு போனுக்கு இல்ல, நீ ஏத்தினதுக்கு.

வைரஸ் பாட்டாங்கியா? வண்டிக்கு ஃபைன் வந்திருக்குன்னு வாட்ஸாப்புல ஒரு ஏபிகே வந்துச்சே, அதைத் தொட்டியா? வெக்கப்படாத. பெரிய பெரிய உத்தியோகஸ்தன் எல்லாம் தொட்டிருக்கான். 2025-ல கொச்சி சைபர் போலீஸ் அந்தக் கூட்டத்துல ரெண்டு பேரைப் பிடிக்க காசி வரைக்கும் போச்சு. மத்தவன் புண்ணியத்துக்குக் காசி போவான், நம்ம போலீஸு கள்ளப் பரிவாகன் ஆப்புக்கு. அந்த மாதிரி சங்கதின்னா ஒடனே அழிக்காத மக்கா. இன்டர்நெட்டைத் துண்டி. வேற போன்ல இருந்து 1930-க்கு விளி, பேங்குல சொல்லு, பரிவாகன்னு வந்த மெசேஜையும் நம்பரையும் படம் எடுத்து வை. பரம்பரையா திருடன் வந்துட்டுப் போன வீட்டை போலீஸ் வருகதுக்கு முன்ன அடிச்சுக் கழுவி விடப்பட்ட ஆளுக நாம. பரிசோதனைக்கு வேண்டியதை எடுத்த பொறவு அழிச்சுக்க. சாதாரண ஏபிகே கள்ளன் ஃபேக்டரி ரீசெட்டுலயே போயிருவான், அவனுக்காக ஓஎஸ்ஸையே பேத்து எடுக்கணும்னு இல்ல.

லோகோ வந்து வந்து போகுதா. செரி, அது பூட்லூப். அப்டேட் ஆகும்போ தொடங்கிச்சா? அப்பிடின்னா கொஞ்சம் சும்மா இருந்து பாரு. 2016-ல ஆண்ட்ராய்டு 7 வந்ததுல இருந்து பல போன்ல ஓஎஸ்ஸுக்கு ரெண்டு அறை உண்டு. ஒண்ணுல வாழ்ந்துக்கிட்டே மத்ததுல புதுசை எழுதும். புதுசு எழும்பல்லைன்னா தானே பழைய அறைக்குத் திரும்பிரும். நடுவுல ஒரு பீடெக் பூந்து பட்டனை அமுக்காம இருந்தா.

ஒன்மேல தப்பு இல்லாமலும் வரும், அதையும் சொல்லணும். 2020 முடிஞ்சு 2021 பொறக்கப்பட்ட நேரத்துல ஷியோமி எம்ஐ ஏ3 போனுக்கு ஆண்ட்ராய்டு 11 அனுப்பினான். வாங்கி ஏத்தினவன் போன் எல்லாம் கட்டையாப் போச்சு. அப்டேட்டை நிறுத்தினான், சர்வீஸ் சென்டர்ல இலவசமா செரியாக்கித் தாறேன்னான். அதுக்கு முந்தி 2014 செப்டம்பர்ல ஆப்பிள்காரன் ஐஓஎஸ் 8.0.1-னு ஒண்ணை விட்டான், புது ஐபோன் 6-ல சிக்னலே போச்சு, வந்த கையோட திரும்பப் புடிச்சுக்கிட்டான். புதுசு வந்தா முந்திக்கிட்டு ஏத்தப்பட்டவனுக்கு ஒரு பட்டமும் குடுக்க மாட்டான் மக்கா. மத்தவன் ஏத்தட்டும். ஒரு வாரம் அவன் மொகத்தைப் பாத்துட்டு நீ ஏத்து.

இனி சங்கதிக்கு வருவோம். இந்தப் பெட்டிக்குள்ள எது கம்பெனிக்காரனுக்க சாதனம், எது ஒனக்க சாதனம்?

முழிக்காத. ஆண்ட்ராய்டு கம்பெனிக்காரனுக்கது. அது கெட்டுப்போனா அவன்கிட்ட அதே சாதனம் இன்னொண்ணு இருக்கு, லட்சம் பேருக்குக் குடுத்தாலும் தீராது. ஒங்க அக்கா கல்யாணத்துல பந்திக்கு முன்ன நீ எடுத்த படம் இருக்கே, அது இந்தப் பெட்டியில மட்டும்தான் இருக்கு. அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்த ஒங்க தாத்தா இன்னைக்கு இல்ல. ஆனா நீங்க பயக்க கூடியிருந்து ராத்திரி பூரா என்ன தேடுதீக? எந்த ரோம், எந்த வெர்ஷன், எங்க டவுன்லோடு. எங்கேயும் கிட்டப்பட்டதுக்கு இத்தனை தேட்டம். எங்கேயும் கிட்டாததுக்கு, 'அதெல்லாம் கூகுள்ல இருக்கும் பாட்டா'.

இருக்கும். இருக்கட்டும். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-ல இருந்து அளவில்லாத இலவசத்தை நிறுத்திப் போட்டுது. ஜிமெயிலு, டிரைவு, போட்டோ எல்லாத்துக்கும் சேத்து 15 ஜிபி. 2024-ல வாட்ஸாப் பேக்கப்பும் அந்த 15-க்குள்ள வந்து இடிச்சுக்கிட்டு ஒக்காந்தாச்சு. நிறைஞ்சு போச்சுன்னா புதுசா ஒண்ணும் மேல போகாது. அவன் எழுதித்தான் காட்டுவான், நீ அதையும் விளம்பரம்னு நெனச்சுத் தள்ளி விட்டிருப்பே. இப்பமே அடுத்த வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒன் கணக்குல ஏறிப் பாரு. கடைசியா மேல போன படம் எந்தத் தேதி? ஓணத்துக்கு முந்தினதா? ஆங். அப்பம் ஓணத்துக்குப் பொறவு உள்ள ஒன் வாழ்க்கை எங்க இருக்குன்னு யோசிச்சுக்க.

கடையில நாங்க புதுப் பேரேடு தொடங்குகதுக்கு முன்ன பழைய பேரேட்டுல யாரு யாரு என்ன பாக்கின்னு எடுத்து எழுதி, முதலாளி அதைப் பாத்துக் கையெழுத்துப் போட்ட பொறவுதான் பழசை மூடுவோம். நீ பழசை அடுப்புல வச்சுட்டு பாக்கி எவ்வளவுன்னு ஊரைக் கேக்கப் போறே.

பேக்கப் எடுத்தேன்னு சொல்லுகவன்கிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன்: தொறந்து பாத்தியா? வேற ஒரு எடத்துல வச்சு, அதுல ஒரு படத்தை, ஒரு வீடியோவைத் தொறந்து பாக்காத வரைக்கும் அது பேக்கப் இல்ல, ஆசை.

அழிஞ்ச பொறவு கடையில குடுத்து எடுத்துக்கலாம்னு ஒரு நெனப்பு இருக்கும். பழைய காலத்துப் போன்ல எடுத்தான். இப்பத்தப் போன் எல்லாத்தையும் பூட்டித்தான் எழுதும். ரீசெட் அடிச்சா அந்தப் பூட்டுக்க சாவி போயிரும். உள்ளே கெடந்தாலும் அது வெறும் குப்பை எழுத்து. நம்ம ஸ்ரீவராகமூர்த்தி பாதாளத்துக்குள்ள போன பூமியையே தூக்கிட்டு வந்தவரு, வேண்டாம்னு சொல்லல்ல, போய்க் கும்பிடு. ஆனா சாவி அழிஞ்ச போட்டோவைத் தூக்கினதா ஒரு புராணத்துலயும் காணல்ல.

வாட்ஸாப்பு பேக்கப்புக்கு வேற கூடுதல் பூட்டு போட்டிருக்கியா? 2021-ல வந்துச்சே, சொந்தமா பாஸ்வேர்டு வைக்கலாம், இல்லேன்னா 64 எழுத்துல ஒரு சாவி வாங்கிக்கலாம். வச்சது நல்லது. அந்த 64 எழுத்தை எங்க எழுதி வச்சே? போன்லயா? கொள்ளாம். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டின ஒரே ஆளு நம்ம வம்சத்துல நீதான்.

பேங்குக்கும் ஆபீசுக்கும் ஆறு அக்கம் காட்டப்பட்ட அந்த ஆத்தென்டிகேட்டர் இருக்கா? கூகுள்காரனுக்கதுல 2023-லதான் கணக்கோட சேத்து மேல வைக்க வழி வந்துச்சு. அந்த வழியை நீ தொறந்து வைக்கல்லைன்னா போன் போன கூட அக்கமும் போச்சு. யூபிஐயைப் பத்திப் பயப்படாண்டாம். பின் நம்பரு பேங்குல இருக்கு, போன்ல இல்ல. ஆனா புதுசா ஏத்தும்போ அதே சிம்முல இருந்து ஒரு எஸ்எம்எஸ் போகணும். சிம்மைக் கழட்டி தம்பிக்கு ரீல்ஸ் பாக்கக் குடுத்திருக்கேன்னா வாங்கிட்டு வா. இசிம்முன்னா அழிக்கப்பட்ட நேரத்துல அதையும் அழிக்கவான்னு கேப்பான். எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு தட்டுகது கல்யாணப் பொண்ணு பாக்கப் போன எடத்துல மட்டும் போதும்.

இன்னும் ஒண்ணு. அந்த போன்ல இருக்கப்பட்ட ஜிமெயிலுக்கு பாஸ்வேர்டு என்ன?

தெரியாதா. போனே தெரிஞ்சு வச்சிருக்கும்னு விட்டுட்டே. நல்ல பிள்ளை. ஆண்ட்ராய்டு 5.1 வந்த 2015-ல இருந்து திருட்டுப் போனுக்கு ஒரு காவல் போட்டிருக்கான், எஃப்ஆர்பின்னு பேரு. செட்டிங்ஸ் வழியா ஒழுங்கா ரீசெட் செய்தா காவல்காரன் விலகுவான். நீ பட்டனை அமுக்கி பின்வாசல் வழியா அழிச்சா, போன் எழும்பினதும் பழைய கணக்கும் பாஸ்வேர்டும் குடுன்னு நிப்பான். நீ உண்மையான சொந்தக்காரன்னு அவனுக்குத் தெரியாது. பின்வாசல் வழியா வந்தா எனக்கே தெரியாது. அதுக்காக இன்னைக்கு பாஸ்வேர்டை மாத்திட்டு இன்னைக்கே அழிக்காத, 24 மணிக்கூறு பொறுன்னு கூகுள்காரனே சொல்லுகான். ஐபோன்காரன் 2013-லயே ஆக்டிவேஷன் லாக்குன்னு இதைப் போட்டாச்சு.

இவ்வளவும் கேட்ட பொறவும் ஃபிளாஷ் செய்யத்தான் செய்வேன்னா, செய். எனக்கும் அதைப் பாக்க ஆசைதான்.

ஐபோன்னா பாடு கொறவு. கம்ப்யூட்டர்ல குத்தி ரெக்கவரி மோடுல வச்சா 'அப்டேட்', 'ரீஸ்டோர்' ரெண்டு பட்டன் வரும். அப்டேட் ஓஎஸ்ஸை மட்டும் புதுசா எழுதப் பாக்கும், ஒன் சாதனத்தைத் தொடாது. ரீஸ்டோர் எல்லாத்தையும் வாரிக் கொட்டும். மொதல்ல எதை அமுக்கணும்னு நான் சொல்லித் தரணுமா? பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாம்னு கனவு காணாத, ஆப்பிள்காரன் கையெழுத்துப் போடாதது ஏறாது.

ஆண்ட்ராய்டுன்னா ஃபைலை எங்க இருந்து எடுக்கேங்கதுதான் பாதி விதி. பிக்சலுக்கு கூகுளே பிரவுசர்ல ஃபிளாஷ் டூல் வச்சிருக்கு. சாம்சங் போனுக்கு ஊரெல்லாம் ஓடின்னு ஒண்ணை வச்சு ஓட்டுகான். அதுல சிஎஸ்சி, ஹோம் சிஎஸ்சின்னு ரெண்டு ஃபைல் கெடக்கும். ஹோம் போட்டது ஒன் சாதனத்தை வச்சுக்கும், மத்தது தொடச்சு எடுத்திரும். ஒரு சொல்லு வித்தியாசத்துல ஒங்க அக்கா கல்யாணம் நடந்ததா இல்லையான்னு ஆயிரும். மாடல் நம்பர்ல கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப் பாரு. பேரு ஒண்ணா இருந்தாலும் சீனாவுக்குப் போனது வேற, இந்தியாவுக்கு வந்தது வேற.

ஷியோமிக்காரனுக்க மிஃபிளாஷ்ல அடியில 'கிளீன் ஆல் அண்ட் லாக்'னு தானே குத்தி வச்சிருப்பான். அதை மாத்தாம ஓட்டி, வேற தேசத்து ரோமை ஏத்தி, பூட்டும் போட்டாச்சுன்னா போன் உள்ள நின்னு பூட்டிக்கிட்ட மருமகனாயிரும். தட்டினாலும் தொறக்க மாட்டான்.

எல்லாத்துக்கும் மேல ஒரு வம்பு இருக்கு. 'புதுசு கொள்ளாது பாட்டா, பழைய வெர்ஷனுக்குப் போறேன்.' இதைச் சொல்லாத பய ஸ்ரீவராகத்துல இல்ல. 2018-ல ரெட்மி நோட் 5 ப்ரோ இந்தியாவுல எல்லாவன் கையிலயும் இருந்துச்சு. அந்த வருஷம் ஷியோமி ஆன்டி ரோல்பேக்குன்னு ஒரு காவலை வச்சான். போனுக்குள்ள ஒரு எண்ணு இருக்கும். புது ஓஎஸ் அந்த எண்ணைக் கூட்டிரும், அது பொறவு கொறையாது. கொறஞ்ச எண்ணு உள்ள பழைய ஓஎஸ்ஸை ஏத்தினா போன் செத்துப்போகும். சொல்லச் சொல்லக் கேக்காம பழசுக்குப் போனவன் போன் எல்லாம் கட்டையாச்சு. அதை எழுப்ப உள்ளே ஒரு வழி உண்டு, ஆனா கம்பெனி அனுமதி உள்ள கணக்கு வேணும். அந்த அனுமதியை வாடகைக்கு விட்டே கொறேப்பேரு பொழச்சான்னு கடை வாசல்ல பேச்சு. கூகுளும் கொறஞ்சவன் இல்ல. 2022 ஆகஸ்ட்ல பிக்சல் 6 வரிசைக்கு ஆண்ட்ராய்டு 13 குடுத்தான், ஏறின பொறவு 12-க்கு எறங்க முடியாது. ஆனா அவன் அதை முன்கூட்டியே எழுதி வச்சான். வாசிக்கல்லைன்னா அது ஒன் பாடு. பழைய ஓட்டையுள்ள ஓஎஸ்ஸை ஏத்தி உள்ள பூரப்பட்ட கள்ளனுக்காக வச்ச காவல் மக்கா, ஒன்னை மாதிரி ஆசைக்காரனும் அதுல மாட்டுகான்.

'நான் கஸ்டம் ரோம் போடுவேன் பாட்டா, சாஃப்ட்வேர் சுதந்திரம்.' போடு. நான் தடுக்கல்ல. அந்தப் பேச்சு ஒனக்கு முன்னாலயே இந்த ஊருக்கு வந்தாச்சு. 2001 ஜூலையில சாஃப்ட்வேர் சுதந்திரப் பேச்சைத் தொடங்கின ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தத் திருவனந்தபுரத்துக்கு வந்துதான் எஃப்எஸ்எஃப் இந்தியாவைத் தொடங்கி வச்சாரு. சயனோஜன்மாடுன்னு ஒரு கஸ்டம் ரோம் இருந்துச்சு, 2016 கடைசியில அது நின்னு லீனேஜ் ஓஎஸ்ஸா தொடருது. கம்பெனிக்காரன் கைவிட்ட போனுக்கு அது புண்ணியம், நான் ஒத்துக்கிடுகேன். ஆனா அதுக்குப் பூட்லோடரைத் தொறக்கணும், தொறந்த மாத்திரத்துல உள்ளதெல்லாம் அழியும். சாம்சங்குல நாக்ஸ்னு ஒரு உருகி இருக்கு, எரிஞ்சா எரிஞ்சதுதான், பழைய ஓஎஸ்ஸை ஏத்தினாலும் செக்யூர் ஃபோல்டர் வராது. பேங்கு ஆப் பலதும் ஒன்னைக் கண்டா கதவடைக்கும். அதனால சுதந்திரத்தைப் பழைய போன்ல அனுபவி. சம்பளம் வரப்பட்ட போன்ல கொஞ்சம் அடிமையா இரு.

அப்பறம் ஐஎம்இஐ. இப்பமே *#06# அடிச்சு, வரப்பட்ட எண்ணைக் காகிதத்துல எழுது. போன் எழும்பல்லையா, பெட்டியில இருக்கும். பெட்டியைத் தூரப் போட்டாச்சா, பில்லுல இருக்கும். தப்பா ஃபிளாஷ் செய்தா அந்த எண்ணே அழிஞ்சு போனவன் உண்டு, பொறவு நெட்வொர்க்கு வராது. அப்பம் ஒரு மிடுக்கன் வந்து, நான் வேற எண்ணு எழுதித் தாறேன்னு சொல்லுவான். அவன்கிட்ட குடுக்காத. 2023-ல வந்த தொலைத்தொடர்புச் சட்டத்துல அதுக்கு மூணு வருஷம் வரை உள்ளே, 50 லட்சம் வரை ஃபைன். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போ.

நேரம் பாத்துச் செய். ராகுகாலம் இல்ல, நான் சொல்லுகது மழை. மழை சாஞ்சா இந்த ஊர்ல கரண்டு எப்பம் போகும்னு கேஎஸ்இபிக்காரனுக்கே தெரியாது. மேசைக் கம்ப்யூட்டர் வேண்டாம், பேட்டரி உள்ள லேப்டாப்பு. போன்ல பாதிக்கு மேல சார்ஜ். போனோட வந்த கேபிள், இல்லேன்னா டேட்டா ஓடும்னு தெரிஞ்ச கேபிள். ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கத்துல வாங்கின முப்பது ரூபாய் வயரை நம்பி பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்கா நேந்துக்காத, அவருக்கு ஏற்கெனவே தேங்கா ரொம்பக் கூடுதலு. ஓடத் தொடங்கினா பூனையைக்கூடப் பக்கத்துல விடாத. பாதியில நிக்கப்பட்டதுக்குத்தான் பயக்க ஓடி வந்து என் கால்ல விழுகானுக.

கடையில குடுக்கேங்கியா? குடு, தப்பில்ல. சிம்மையும் கார்டையும் கழட்டிட்டு குடு. போன் உயிரோட இருந்தா ரிப்பேர் மோடு உண்டு, சாம்சங்குல 2022-லயும் பிக்சல்ல 2023-லயும் வந்தாச்சு. அதைப் போட்டா அவன் போனை நோட்டமிடலாம், ஒன் படத்தைப் பாக்க முடியாது. பேட்டர்னைத் தாள்ல கோலம் போட்டுக் குடுத்துட்டு வாற பிள்ளைகளைப் பாத்தா எனக்கு வயத்தைக் கலக்குது.

எழும்பின பொறவு? பழைய ஆப்பையெல்லாம் ஒரே மூச்சுல திரும்ப ஏத்தாத. மொதல்ல அந்த ஏபிகே எங்க இருந்து வந்துச்சோ அங்க போகாம இரு. பொறவு சிஸ்டம் அப்டேட்டைப் பாரு, பாதுகாப்பு அப்டேட்டு நிலுவை இருந்தா ஏத்து. கடைசியா பேங்கு.

கட்டனைக் குடி, ஆறிப்போச்சு. போயிட்டு வா. இரு இரு, எங்க ஓடுகே? ஆச்சிக்க போன்ல எழுத்து எறும்பு போல சின்னதாயிட்டு, ஒரு மாசமா முறுமுறுத்துக்கிட்டு வாறா. அதுக்கு ஃபிளாஷ் வேண்டாம், டிஸ்ப்ளேயில ஃபான்ட் சைசு இருக்குமாம். எனக்கு எங்கன்னு தெரியும், ஆனா கண்ணாடி இல்ல. பெருசாக்கிக் குடுத்துட்டு போ. அப்பிடியே அவளுக்க ஜிமெயில் பாஸ்வேர்டையும் மாத்தி இந்தக் காகிதத்துல எழுது. என்ன, ஐநூறு ரூபாயா? நீ குடிச்ச கட்டன் யாரு கணக்குல?